கருகிய மூலை

மூடியின் ஒரு மூலை மட்டும் தீக்குச்சியால் சுட்டதுபோல் கருத்திருந்தது. காலை ஷிப்ட்டில் வார்த்த அத்தனை மூடியிலும் அதே மூலை.

"சூட்டைக் குறைன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் மேனேஜர்.

செட்டர் நிமிர்ந்தாள். அச்சை மெஷினில் பூட்டி, பிளாஸ்டிக்கை ஒழுங்காக வார்க்க வைப்பது அவள் வேலை. மேனேஜர் அவள் கணவனின் அக்கா.

"குறைச்சுப் பாத்துட்டேன் அண்ணி. மூடி பாதிதான் நிரம்புது. கருகல் போகலை."

"அண்ணியெல்லாம் வீட்டோட. இங்க மேடம்."

"சரி மேடம். காலையில யாராவது எதையாவது மாத்தினாங்களா?"

"ஒருத்தரும் தொடலை. நாலு மணிக்குள்ள சரியாகலைன்னா திங்கட்கிழமை புது செட்டர் வர்றான். நீ பழையபடி பேக்கிங் மேஜைக்குப் போ."

பேக்கிங் மேஜையிலிருந்து இந்த மெஷினுக்கு வர அவளுக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது. திரும்பி அந்த மேஜையைப் பார்த்தாள். மூடிகளின் ஓரம் சீவும் குண்டக்கா கத்தியைக் கீழே போட்டுவிட்டு நிம்மதியாகத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சம்பளத்தோட லீவா?"

"ஏண்டி கண்ணு வெக்கிற? நேத்து வரைக்கும் ஒவ்வொரு மூடிக்கும் ஓரத்துல ஜவ்வு மாதிரி தொங்கிச்சு. சீவிச் சீவிக் கை வீங்கிடுச்சு. இன்னிக்கு மேடம் வந்து என்னமோ அமுக்கினாங்க, ஜவ்வு நின்னு போச்சு!"

செட்டர் ஒரே ஓட்டமாக மெஷினுக்கு வந்தாள். அச்சின் இரு பாதிகளையும் சேர்த்து இறுக்கும் அழுத்தம் எப்போதும் நூற்றுப்பத்து டன். திரையில் நூற்றைம்பது.

அவ்வளவு இறுக்கினால் உள்ளே இருக்கும் காற்று எந்த வழியாக வெளியேறும்? போக்கிடம் இல்லாமல் மூலையில் நசுங்கி, கொதித்து, பிளாஸ்டிக்கைச் சுடுகிறது.

மெஷினை நிறுத்தினாள்.

"யாரைக் கேட்டு நிறுத்தின? அச்சுல கை வெச்சே, வேலை போயிடும்!" மேனேஜர் ஓடி வந்தாள்.

"போகட்டும். கருகினதை அள்ளிக் கொட்ட ஒரு செட்டர் எதுக்கு?"

காப்புக் கதவைத் திறந்து டார்ச் அடித்தாள். பாதிகள் சேரும் முகத்தில், நகமளவு பழைய பிளாஸ்டிக் அப்பிக் கிடந்தது. அது இடையில் நின்று பாதிகள் முழுசாகச் சேராததால்தான் பிளாஸ்டிக் கசிந்து ஜவ்வாகியிருக்கிறது. பித்தளைத் தகட்டால் அதைச் சுரண்டி எடுத்தாள். காற்று போகும் கீறல்களில் படிந்த கரியையும் துடைத்தாள். அழுத்தத்தையும் சூட்டையும் பழைய அளவுக்கே கொண்டுவந்தாள்.

முதல் நான்கு மூடிகளை ஒதுக்கினாள். ஐந்தாவதைக் குண்டக்காவிடம் வீசினாள். அவள் விரலால் சுற்றித் தடவினாள்.

"ஜவ்வும் இல்லை, கருப்பும் இல்லைடி!"

மணி மூன்று ஐம்பது. செட்டர் மறுபடி கதவைத் திறந்தாள். கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாது. பக்கத்தில் தொங்கிய பதிவேட்டில், இறுக்கம் நூற்றுப்பத்திலிருந்து நூற்றைம்பது ஆனதை எழுதினாள். 'மாற்றியவர்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுப் பேனாவை நீட்டினாள்.

"இதுல கையெழுத்து போடுங்க மேடம்."

"திமிரா? இரு, என் தம்பிகிட்ட சொல்றேன்."

"தாராளமா. அவர்கிட்ட அக்காவா சொல்லிக்குங்க. இங்க மேடமா கையெழுத்து போடுங்க. நாளைக்கு எந்த செட்டர் வந்தாலும் இதைப் படிச்சுட்டுத் தொடட்டும்."

மெஷின் சும்மா நின்றது. பேக்கிங் மேஜை மொத்தமும் வேடிக்கை பார்த்தது. மேனேஜர் பேனாவைப் பிடுங்கித் தாள் கிழியும்படி கிறுக்கினாள்.

செட்டர் குனிந்து நிதானமாகப் படித்துப் பார்த்தாள்.

"தேதி போடலையே, மேடம்."