மழுங்காத கல்

டிரில் மாஸ்டருடைய மனைவியின் ஆராய்ச்சிப் பட்டம் ஒரு கல் மழுங்குவதை நம்பி இருந்தது. ஆதி வேட்டைக்காரர்கள் செதுக்கிய நகத்தளவு சிக்கிமுக்கிக் கல் கத்தியைப் போலவே ஒன்று செய்து, தாடி மழித்து, கூர் மழுங்கியதும் தேய்ந்த தடத்தை மைக்ராஸ்கோப்பில் படமெடுக்க வேண்டும். மறுநாளே கொடுத்தாக வேண்டும். தவறினால் பேராசிரியர் இன்னொரு வருஷம் இழுத்தடிப்பார்.

இதற்காகவே மாஸ்டர் முள்ளம்பன்றி மாதிரி தாடி வளர்த்திருந்தார். ஒரே நிபந்தனை, மீசையைத் தொடக்கூடாது. அது என்ன லேசுப்பட்ட மீசையா? முறுக்கினால் போதும், மைதானமே கப்சிப்.

குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். வெந்நீர் தடவிய கன்னத்தில் கல் பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பாவம், பயந்த அளவுக்கு ஒன்றுமே இல்லை. கல் வழுக்கிக்கொண்டு போனது.

"அடேங்கப்பா, நம்ம பிளேடெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும்!" என்றார்.

அவளுக்கோ முகம் தொங்கிப்போனது. இரண்டு கன்னமும் முடிந்து, தாடையும் கழுத்தும் பளபளத்தன. கல் மட்டும் மழுங்குவேனா என்றது.

"என்னங்க..."

"முடியாது."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே?"

"நீ எங்க பாக்குறேன்னு தெரியுது. கால்ல இருக்கு, மார்ல இருக்கு, எடுத்துக்க."

"அது வேற முடிங்க. முகத்து முடின்னு எழுதிக் குடுத்துட்டேன். சரி விடுங்க, இன்னொரு வருஷம்தானே."

சொல்லிவிட்டு வாளி ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல் செதுக்கிய விரல் முழுக்கப் பிளாஸ்திரி. மாஸ்டரின் வீராப்பு ஆட்டம் கண்டது. ஊரையே அதட்டுகிற மனுஷனுக்கு இவள் கண் கலங்கினால் மட்டும் தாங்காது.

"சட்டுபுட்டுனு முடி" என்று முகத்தை நிமிர்த்திக் காட்டினார்.

இடப்பக்க மீசை போனது. மூக்குக்கு நேர்கீழே வந்ததும் கல் முடியை வெடுக்கென்று பிடுங்கியது. மாஸ்டர் அலறினார்.

"மழுங்கிடுச்சு!" அவள் துள்ளிக் குதித்து, அவர் நெற்றியில் முத்தம் கொடுத்து, கல்லைக் கழுவாமல் டப்பாவில் போட்டு மூடினாள்.

கண்ணாடியில் வலப்பக்கம் மாஸ்டர் இருந்தார். இடப்பக்கம் யாரோ முன்பின் தெரியாத ஆள். பெருமூச்சு விட்டு ரேசரை எடுத்தார்.

"ஐயையோ, அதுல கை வைக்காதீங்க! ஒரு கல்லு போதாது, இன்னொண்ணு வேணும்னு பேராசிரியர் கேட்டா முடிக்கு நான் எங்க போவேன்? அவர் பாத்து முடிக்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்."

"அடிப்பாவி! நாளைக்கு நான் பசங்க முன்னாடி எப்படி நிக்கிறது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஆராய்ச்சி மூளை அல்லவா?

"பக்கவாட்டுல நில்லுங்க."

மாஸ்டர் ரேசரைக் கீழே வைத்தார்.