மண் இறங்கினால் ஆள் ஏறலாம்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் காசியம்மாள் வீட்டு மாடி அறையைத் தையல் யூனிட்டுக்காக வாடகைக்குப் பிடித்தபோது பிர்தௌஸ் காற்று வருமா, வெளிச்சம் வருமா என்றெல்லாம் பார்த்தாள். சித்திரை வருமே என்று மட்டும் பார்க்கவில்லை. அறைக்கு மேலே மொட்டை மாடி, மொட்டை மாடிக்கு மேலே சூரியன், நடுவில் பேச்சுக்கு ஒரு கீற்று நிழல் கிடையாது. பள்ளிக்கூடங்கள் சீருடை ஆர்டர் தருவதோ சரியாக அக்னி நட்சத்திரத்தில். கூரை அனலைக் கக்கும், மின்விசிறி அதை எல்லோருக்கும் சரிசமமாகப் பரிமாறும்.

போன மே மாதம் தமிழ்செல்வி மெஷின் மேலேயே மயங்கி விழுந்தாள். யூனிட்டில் கை வேகம் அவளுக்குத்தான். தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"கோச்சுக்காதீங்கக்கா. அடுத்த வெயிலுக்கு நான் வரமாட்டேன்."

அவள் போனால் பின்னாலேயே மற்ற பெண்களும் போவார்கள். அவர்கள் போனால் சீருடை இல்லை, சீருடை இல்லையென்றால் யூனிட்டே இல்லை. பார்த்துப் பார்த்துக் கட்டிய பிழைப்பு ஒரு கூரையால் போகப் போகிறதே என்று பிர்தௌஸுக்கு ஆற்றாமையாக இருந்தது.

தகர ஷெட் போடலாமா என்று கேட்டதற்கு வீட்டுக்காரம்மா காசியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க மாடியில நின்னா மலை முழுசா தெரியணும். இந்த வீட்டை இங்க கட்டினதே அதுக்குத்தான்." சரி என்று மொட்டை மாடித் தரைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். ஆடிக்காற்று வாரிக்கொண்டு வந்த புழுதி அதைக் காவி வண்ணமாக்கிவிட்டுப் போனது.

அப்போதுதான் தம்பி ஜுபைர் அந்த யோசனையைச் சொன்னான். மாடி ஒழுகாமல் பூசித் தருவது அவன் தொழில். பெங்களூரில் ஒரு கட்டிடத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"ஆபா, மாடி மேல மண்ணைப் பரப்பி செடி வெச்சுடலாம்."

"உனக்கென்ன பைத்தியமா? ஒழுகுதுன்னு ஊரே உன்னைக் கூப்பிடுது. நீ என்னடான்னா தண்ணி ஊத்தலாம்ங்கிற!"

"வெயிலு நேரா சிலாப்புல விழுது, அதான் சூடு. நடுவுல மண்ணும் இலையும் இருந்தா அதுங்க வாங்கிக்கும். குட்டைச் செடியா வெச்சா மலையும் மறையாது."

மலை மறையாது என்ற ஒரு வார்த்தைக்குத்தான் காசியம்மாள் இறங்கி வந்தாள். ஆனாலும் நிபந்தனை போட்டாள். "கைப்பிடிச் சுவருக்கு மேல ஒரு இலை எட்டிப் பார்க்கக் கூடாது. கீழ ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. ஒழுகிச்சுன்னா மறுநாளே மொத்தத்தையும் வாரிடணும்."

ஜுபைர் ஆவணியில் வேலையைத் தொடங்கினான். வெடிப்புகளை அடைத்து, தண்ணீர் கட்டி நிறுத்தி, அடியில் ஈரம் கசியவில்லை என்று தடவித் தடவிப் பார்த்தான். பிறகு ஒழுகாப் பூச்சு, அதன் மேல் வேர் துளைக்காத கனமான பிளாஸ்டிக் விரிப்பு, தண்ணீர் ஓடிப்போகப் பொடி ஜல்லி, ஜல்லிக்குள் மண் இறங்காமல் ஒரு முரட்டுத் துணி. மண்ணையும் சும்மா கொட்டவில்லை. தேங்காய் நார்த்தூள், கரித்தூள், மண்புழு உரம் எல்லாம் கலந்து கனத்தைக் குறைத்து, நாலு அங்குலத்துக்குப் பரப்பினான். யூனிட் பெண்களே டேபிள் ரோஸ், சிறுபசலை, பொன்னாங்கண்ணி, ஓமவல்லி என்று ஆளுக்கொரு கொத்து கொண்டுவந்து நட்டார்கள். ஓர் அங்குலம் விடவில்லை. சுவரிலிருந்து சுவர் வரைக்கும் பச்சை.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். காய்ந்த நாட்களில் தமிழ்செல்வி ஸ்டூல் மேல் ஏறி அறையின் உட்கூரையைத் தொட்டுப் பார்த்து, "சுடலக்கா!" என்று கத்தினாள். பெய்த நாட்களில் காசியம்மாள் முட்டிவலியோடு படியேறி வந்து, அதே கூரையை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாஸ் என்று அர்த்தம்.

கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து காசியம்மாளின் தம்பி தசரதன் போன் செய்தான். "அக்கா, இந்த வருஷம் ரெண்டு வேன்ல வர்றோம்!" காசியம்மாள் சந்தோஷமாக, மூச்சு வாங்க, மொட்டை மாடிவரைக்கும் ஏறிப்போய்ப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய வரை பூ.

"பிர்தௌசு, எங்க நிக்கிறது?"

பிர்தௌஸ் கால் வைக்க ஓர் இடம் தேடினாள். தீபத்தன்று சாயங்காலம் திருவண்ணாமலையில் மொட்டை மாடி வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை, உறவுமுறைக்குச் சொந்தம். அவளே சின்ன வயதில் பக்கத்து வீட்டு மாடியில், யார் யாருடைய இடுப்புக்கோ நடுவில் நின்று தீபம் பார்த்து வளர்ந்தவள்தான். வெளியூர்க்காரன் செய்திருந்தால் போகிறான் என்று விடலாம். இந்த ஊரிலேயே பிறந்த மூன்று பேர், காசியம்மாளும் சேர்த்தி, மலை மறையக் கூடாதே என்று கண்களை நினைத்தார்கள், கால்களை நினைக்கவில்லை.

"செடி மேலயே நின்னுக்கிறோம், என்ன இப்ப?" என்றாள் காசியம்மாள்.

ஜுபைர் தலையாட்டினான். "வேணாம்மா. மழை குடிச்ச மண்ணு, வெயிட்டு ஜாஸ்தி. அது மேல இத்தனை பேர் ஏறினா சிலாப்பு தாங்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

"அப்போ மண்ணை வாரிடு. வர்ற சனத்தை வராதேன்னு சொல்ல என்னால முடியாது."

சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது எதிர்த்துப் பேசலாம். நியாயமாகச் சொன்னதுதான் பிர்தௌஸுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

மறுநாள் காலை வெட்டு மேஜை முன்னால் அவள் சும்மா நின்றிருந்தாள். துணி போதவில்லை என்றால் எந்தத் தையல்காரியும் சட்டையே வேண்டாம் என்று சொல்லமாட்டாள். பேட்டர்னைத் திருப்பித் திருப்பி வைத்து, எங்கே எடுத்தால் உறுத்தாது என்று பார்ப்பாள். பிர்தௌஸ் பேட்டர்ன் வெட்டுகிற காக்கித் தாளை விரித்து, சாக்பீஸால் மாடியை வரைந்தாள். தம்பியை உடனே வரச் சொன்னாள்.

"அடியில சுவர் எங்கெங்க வருதுன்னு கோடு போடு."

அவன் போட்டான். மலையைப் பார்த்த பக்கம் நீளமாக ஒரு சுவர்.

"இந்தச் சுவர் ஓரமா மட்டும் மண்ணை எடுத்துட்டா? ஒரு பார்டர் மாதிரி?"

ஜுபைர் கணக்குப் போட்டுப் பார்த்தான். முகம் தெளிந்தது. "சுவர் தாங்கிக்கும். ஆனா எவ்ளோ மண் இறங்குதோ, அந்த வெயிட்டுக்குத்தான் ஆள் ஏறணும். பச்சைக்குள்ள ஒரு கால் போகக் கூடாது."

காசியம்மாள் அந்தத் தாளில் சுவர்க் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "சரி, பார்க்கலாம். விரிசல் கிரிசல் வந்துச்சோ, சொன்னது சொன்னதுதான்."

தீபத்தன்று காலையிலேயே இரண்டு வேன்களும் வந்துவிட்டன. விஷயத்தைக் கேட்ட தசரதன் வேட்டியை மடித்துக் கட்டினான். வந்தவர்கள் எல்லோரும் விவசாயம் பார்க்கிறவர்கள். மண் வாரச் சொன்னால் யாருக்குக் கூச்சம்? இரும்புச் சட்டி கைக்குக் கை மாறிப் படியிறங்கியது. "இவன் ஒருத்தன் ஏறணும்னா ஆறு சட்டி கூட இறக்கணும்!" என்று தம்பியின் தொந்தியைக் காட்டி காசியம்மாள் சொல்ல, படிக்கட்டே சிரித்தது. பிடுங்கிய செடிகளை ஒன்றுவிடாமல் ஊருக்குக் கொண்டுபோகப் பைகளில் கட்டிக்கொண்டார்கள். பச்சையின் ஓரத்தில் ஜுபைர் கயிறு கட்டினான்.

மத்தியானம் நல்ல மழை. ஐந்து மணிக்கு விட்டது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கொள்ளும் அளவுக்கு ஆட்களை ஏற்றிவிட்டு மீதிப் பேரைத் தெருவுக்கு அனுப்பினான் ஜுபைர். கழுத்தை வளைத்தால் அங்கிருந்தும் மலை தெரியத்தான் செய்தது.

பிர்தௌஸ் ஏறவில்லை. தையல் அறையில் தனியாக நின்று உட்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே காலடிச் சத்தம். ஊரெல்லாம் மலையைப் பார்த்திருக்கும் நேரத்தில் அவள் ஒரு சொட்டுக்கும் ஒரு விரிசலுக்கும் பயந்து சுண்ணாம்பைப் பார்த்திருந்தாள். யா அல்லாஹ், இந்த ஒரு சாயங்காலம் தாங்கிவிடட்டும்.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

மேலேயும் தெருவிலும் ஒன்றாகக் குரல் எழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூரை அப்படியே இருந்தது, உலர்ந்து, வெள்ளையாக.

"பிர்தௌசு! அங்க என்னம்மா பண்றே? மேல வா!"

காசியம்மாள் கூப்பிடவும் பிர்தௌஸ் ஏறிப் போனாள். உச்சியில் தீபம் நின்று எரிந்தது. கயிற்றோரம் காசியம்மாள் வரிசையாக அகல் வைத்திருந்தாள். மழையில் நனைந்த பச்சை முழுவதும் அந்த வெளிச்சத்தில் மினுங்கியது.

"மழைத்தண்ணி ஒரு பொட்டு தேங்கலை பாரேன்" என்றாள் காசியம்மாள். "மொட்டைத் தரையா இருந்தப்போ இதே மழைக்குக் கணுக்கால் தண்ணியில நின்னோம். அடுத்த வருஷம் இந்தக் கயித்தைப் படிக்கட்டுச் சுவர் பக்கமும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க. என் சம்பந்தி வீட்லயும் வராங்களாம்."

மற்றது எதுவும் பிர்தௌஸின் காதில் ஏறவில்லை. அடுத்த வருஷம். அதற்கு முன்னால் ஒரு சித்திரை உண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, தமிழ்செல்வியைக் கூப்பிட்டாள்.

"யூனிஃபார்ம் ஆர்டருக்கு சரின்னு சொல்லிடட்டுமா? மே மாசம் வருவல்ல?"

அந்தப் பக்கம் ஒரே சத்தம். தமிழ்செல்வியும் ஏதோ ஒரு மாடியில்தான் இருந்தாள்.

"மேல செடி இருக்குமாக்கா?"

"இருக்கும்."

"அப்போ வரேன்."