கியாசுதீன் பேருக்கு ஒன்பது கோழிகள்

முப்பது வருஷம் ரயிலில் கார்டாக இருந்து பென்ஷன் வாங்கியவன் நான். பச்சைக்கொடி ஆட்டி ஆட்டியே என் வலது கை இடது கையைவிட ஒரு சாண் நீண்டுவிட்டது. நம்புகிறவர்கள் நம்பலாம். பாலக்கரையில் எங்கள் கொல்லைக்கும் ரோஷன் பேகம் கொல்லைக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். நாற்பத்து மூன்றாம் வருஷம் அந்தச் சுவரைத் தாண்டி ஒரு புளிப்பு வாசனை வந்தது பாருங்கள், அது காவிரியையும் தாண்டிப் போனதில் ஸ்ரீரங்கம் மடைப்பள்ளியில் அன்றைக்குப் புளியோதரைக்குப் புளியே போடவில்லை.

வாசனை ஒரு மண்பானையிலிருந்து. மனுஷருக்கே தானியம் அளந்து கொடுத்த காலம், கோழிக்குஞ்சுக்கு எங்கே போவது? கம்பு, நொய், தவிடு மூன்றையும் சேர்த்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க ஊறப்போட்டு, ரோஷன் பேகம் பானை வாயைத் துணியால் கட்டிவிடுவாள். காலையும் மாலையும் அகப்பையால் ஒரு கிளறு. மூன்றாம் நாள் குமிழி விட்டுப் புளித்துவிடும். வடித்து வைத்தால் பாதித் தீனியிலேயே குஞ்சுகளுக்கு வயிறு நிறையும். வடித்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து அடுத்த பானையில் ஊற்றிக்கொள்வாள். சீக்கிரம் புளிக்கும்.

குஞ்சுகள் விற்பதற்கல்ல. ரங்கூனில் கடைவேலை பார்த்த அவள் மகன் கியாசுதீன், குண்டு விழுந்ததும் ஊருக்கு நடந்தே கிளம்பியவன், வழியில் அரக்கான் காட்டில் காய்ச்சலில் போய்விட்டான். கூட நடந்தவன் எழுதிய கடிதம் ஒன்றுதான் வந்து சேர்ந்தது. அவன் முதல் வருஷ நினைவுக்குப் பாத்தியா ஓதி, ஏழைகளுக்குக் கோழிக்கறியோடு சோறு போடவேண்டும் அவளுக்கு. கடைக்கோழி கூடாதாம்.

"என் கையால தீனி போட்டு வளத்ததா இருக்கணும்ணே. அவன் கபுருக்கு ஒரு பிடி மண்ணு போடக் குடுத்து வைக்கல. இதையாவது செய்றேன்."

பன்னிரண்டில் பருந்துக்கும் கீரிக்கும் போக ஒன்பது தேறின.

பாத்தியாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வையம்பட்டியில் அக்காளுக்கு உடம்பு முடியவில்லை என்று அவள் நாலு நாள் போகவேண்டி வந்தது. பானையை என்னிடம் விட்டாள்.

"பூஞ்சை தட்டினா கீழ கொட்டிடுங்க. வேற எதுவும் சேத்துடாதீங்க."

"உப்பு?"

"உப்பும் வேணாம், உங்க கதையும் வேணாம்."

சொன்னது சொன்னபடி செய்தேன். வேளை தவறாமல் கிளறினேன். "எனக்கு ஒரு நாள் உலை வச்சுக் குடுத்ததில்ல இந்த மனுஷன்" என்று என் மனைவி மயிலம்மாள் வாசலில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

கோழிகள் மதமதவென்று வளர்ந்தன. தெருவில் மேய்ந்த சேவலைப் பார்த்துவிட்டு, சவரக்கடைப் பிச்சை ஒருநாள் கேட்டான்.

"என்னங்க வீரமலை அண்ணே, என்ன போட்டு வளக்கறாங்க இத?"

சும்மா இருக்க முடியுமா?

"அந்தம்மா ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு கலயம் கள்ளு ஊத்தினேன்டா பானையில. ஒன்பதும் மத்தியானம் பூரா கும்மியடிச்சுது. இந்தச் சேவல் இருக்கே, சமயபுரம் போற வண்டிய மறிச்சு எல்லார்கிட்டயும் டிக்கெட் கேட்டுச்சு."

கடையே சிரித்தது. பாதி முகத்துச் சோப்போடு நானும் சிரித்தேன்.

பாத்தியாவுக்கு முதல் நாள் காலை. சுவரோரம் ரோஷன் பேகம் நின்றாள். பக்கத்தில் அவள் தம்பி ஜமால்.

"அண்ணே, தீனியில கள்ளு ஊத்தினீங்களாமே. கடைவீதி பூரா பேசிக்கிறாங்க" என்றான்.

"யாரு, நானா? ஏழு தலைமுறை மேல ஆணை. ஓடுற காவிரி மேல ஆணை. கள்ளுக்கடை இருக்கற திசையில தலைவச்சுக்கூட நான் படுத்ததில்ல."

சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. புலியைப் பார்சல் வண்டியில் ஏற்றி அனுப்பிய கதைக்கும் இதே ஆணைதான் வைத்திருந்தேன், இதே குரலில்.

ஜமால் அவளிடம் திரும்பினான். "அக்கா, பள்ளிவாசல் அஜ்ரத்கிட்ட கேட்டுட்டேன். மூணு நாள் அடைச்சு வச்சு சுத்தமான தீனி போட்டா போதுமாம். இவரு சொன்னது நெசம்னாலும் போன மாசத்துச் சங்கதிதானே."

"அந்தப் பானைத் தண்ணியத்தானடா அடுத்த பானைக்கு எடுத்து ஊத்திக்கிட்டே வந்திருக்கேன். இன்னைக்கு விடியக்காலையிலகூட அதத்தான் வச்சேன்."

"அவரு ஊத்தலங்கறாரே."

"அண்ணன் பொய் சொல்றாருன்னு நான் சொல்லல. எது நெசம்னு எனக்குத் தெரியல. தெரியாத ஒண்ண என் புள்ள பேர்ல எப்படிப் போடுவேன்?"

ஒன்பதையும் கூண்டில் அடைத்தாள். பானையைத் தூக்கிக் குப்பைமேட்டில் கவிழ்த்தாள்.

மறுநாள் அஜ்ரத் வந்து ஓதினார். பதினாறு பேர் வந்தார்கள். பருப்பும் சோறும் போட்டாள். ஓதி முடிகிறவரை கூண்டுக்குள் சேவல் கூவிக்கொண்டே இருந்தது. எங்களுக்கும் சுவருக்கு மேலாக ஒரு தட்டு வந்தது. மயிலம்மாள் வாங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

அதற்கு அடுத்த நாள் நான் சுவரருகே போனேன். கூண்டைத் திறந்துவிட்டு, முறத்திலிருந்து காய்ந்த கம்பை இறைத்துக்கொண்டிருந்தாள்.

"ரோஷன், நான் ஊத்தல" என்றேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

முறத்தைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"முந்தாநாளு இப்படிச் சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றாள்.

குனிந்து மிச்சக் கம்பையும் இறைத்தாள்.