மூச்சு மறுபடி இறங்கும் நேரம்

விடிந்தும் விடியாத நேரத்தில் பீரோ முழங்காலிட்டுத் தனியறையின் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பினாயில் நெடி கண்ணை எரித்தது. எவ்வளவு அழுத்தித் தேய்த்தும் சிமெண்டில் ஊறிய வாந்திக் கறை போகவில்லை. தரையோடு புதைத்த இரும்புக் கட்டிலின் சட்டத்தில், கட்டிய பட்டை மணிக்கட்டை அறுத்த இடத்தில், ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினான். சுரண்டச் சுரண்ட ஒரே கேள்வி அவனைக் குடைந்தது.

எழுந்து நின்று அடித்தவன் எப்படிச் செத்தான்?

பீரோ என்பது மற்றவர்கள் வைத்த பெயர். ஆளின் அகலம் அப்படி. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனை அந்த உடம்புக்காகவே போதை மறுவாழ்வு இல்லத்தின் முதலாளி வேலைக்கு எடுத்தார். திமிறுகிறவனைப் பிடிப்பது, வாந்தி எடுப்பவனைப் புரட்டிப் போடுவது, தண்ணீரைக் கண்டால் ஓடுகிறவனைக் குளிப்பாட்டுவது, எல்லாம் அவன் வேலை. முன்பு ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். செலவு கூடிவிட்டது என்று ஒருவனை நிறுத்திய முதலாளி, "நீதான் ரெண்டு ஆள் சைஸ்ல இருக்கியே!" என்று சிரித்தார். சம்பளம் மட்டும் ஒரு ஆள் சைஸிலேயே நின்றது, பிறகு அதிலும் கொஞ்சம் தேய்ந்தது.

செத்தவனைப் பாட்டுக்காரன் என்பார்கள். எந்நேரமும் எதையாவது முணுமுணுக்கும் இளைஞன். ஹெராயின் பொடியை விட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. நேற்றுச் சுவருக்கு அப்பாலிருந்து யாரோ பந்துக்குள் வைத்து எறிந்த பொட்டலம் அவன் கையில் சிக்கிவிட்டது. பீரோ கழிவறையில் அவனைக் கண்டபோது உதடு நீலம். கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது. தொண்டையில் குறட்டை போல ஓர் இழுப்பு. வெளியே இழுத்துப் போட்டு, அலமாரியில் இருந்த, போதையை முறிக்கும் மருந்தை மூக்கில் பீய்ச்சினான். வாயோடு வாய் வைத்து ஊதினான்.

பாட்டுக்காரன் இருமினான். மூச்சிழுத்தான். துள்ளி எழுந்தான். எழுந்த வேகத்தில் விட்ட குத்தில் பீரோவின் முன்பல் உடைந்து உதட்டைக் கிழித்தது. அடுத்த உதை அடிவயிற்றில்.

"ஆட்டம் போடறவனைக் கட்டிப் பூட்டுன்னு எத்தனை தடவை சொல்றது?" வாசலில் நின்று முதலாளி கத்தினார். அதுதான் அந்த இல்லத்தின் வழக்கம். கை ஓங்கினால் தனியறை. ஆம்புலன்ஸ் கூப்பிட அனுமதி இல்லை. வண்டி வந்தால் இல்லத்தின் பெயர் கெடும்.

பீரோ கட்டினான். பூட்டினான். மற்றவர்களுக்குச் சாப்பாடு போட அவன் ஒருவனே என்பதால் ஓடினான். திரும்பி வந்து திறந்தபோது பாட்டுக்காரன் குளிர்ந்து கிடந்தான். ராத்திரியே உடலை அரசு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள்.

பூட்டிய கதவு. சன்னல் கிடையாது. கட்டிய கைகள். புதிதாக ஒரு துளி பொடி உள்ளே போக வழியில்லை. அப்புறம் எப்படி? பீரோ வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகாலுக்குத் தள்ளினான். கறை அப்படியே இருந்தது.

வெளியே இரும்புக் கதவு அலறியது.

வந்தவன் பாட்டுக்காரனின் அண்ணன், வெல்டர். வேலை உடுப்போடு, கையில் இரும்புக் குழாயோடு நின்றான். முதலாளி அவனை உட்கார வைக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. விரலை மட்டும் நீட்டினார். "பூட்டினது இவன்தான். என்னைக் கேக்காம செஞ்சுட்டான்."

முதல் அடி தோளில் இறங்கியது. இரண்டாவது புருவத்தைப் பிளந்தது. பீரோ கையை ஓங்கவில்லை. அந்தக் கை ஒருமுறை விழுந்தால் வெல்டர் எழுந்திருக்க மாட்டான் என்று இருவருக்குமே தெரியும். அதுவே வெல்டரின் வெறியைக் கிளப்பியது. "அடிடா! என் தம்பியைக் கட்டி வச்ச கைதானே? அடிடா!" குழாய் எகிறி விழுந்தபின் வெறும் முஷ்டியால் குத்தினான். பீரோ தலையை விலக்க, குத்து சுவரில் பட்டது. எலும்பு நொறுங்கும் சத்தம் சமையலறை வரை கேட்டது.

கொதிநீர்க் குண்டானைத் தூக்கிக்கொண்டு சமையல்கார அக்கா நடுவில் வந்து நின்றாள். "இன்னும் ஒரு அடி விழுந்துச்சுன்னா ரெண்டு பேரையும் சேர்த்து அவிச்சுடுவேன். போங்கடா, ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்கடா!"

அரசு ஆஸ்பத்திரியில் அடிபட்டவனுக்கும் அடித்தவனுக்கும் ஒரே பெஞ்சுதான். நடுவில் ஒரு பச்சைத் துணித் திரை. நர்ஸ் பீரோவின் புருவத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். வலியை மறக்கவோ என்னவோ, அவன் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டுவிட்டான்.

"எழுந்து நின்னு என் பல்லை உடைச்சான் சிஸ்டர். நல்லா உயிரோடதான் இருந்தான். அப்புறம் எப்படிச் செத்தான்?"

நர்ஸ் ஊசியை நிறுத்தவில்லை. "மூளையில மூச்சை ஓட்டுற இடம் ஒண்ணு இருக்கு. அங்க குட்டிக் குட்டி நாற்காலி கிடக்குன்னு வச்சுக்குங்க. பொடி போய் அதுல உட்கார்ந்துடும். உட்கார்ந்தா, மூச்சு விடுங்கிற உத்தரவு நின்னு போகும். பழகின உடம்பு கொஞ்சம் தாங்கும். விட்டு மாசக்கணக்கான உடம்பு தாங்காது. பழைய அளவே ஆளைச் சாய்ச்சுடும்."

"மூக்கு மருந்து?"

"அது பொடியைப் பிடிச்சுத் தள்ளிட்டு அந்த இடத்துல உட்கார்ந்துக்கும். ஆள் சட்டுனு முழிச்சுடுவான். போதை ஒரேயடியா அறுந்து போறதால உடம்பெல்லாம் ரணம், வெறி. கண்ணுல பட்டவனை அடிப்பான். அது திமிர் இல்லைங்க. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"அப்போ பிழைச்சுட்டான்தானே?"

"அதுதான் இல்ல. மருந்து சீக்கிரம் எழுந்து போயிடும். தள்ளிவிட்ட பொடி எங்கயும் போகலையே, ரத்தத்துலயேதான் சுத்திக்கிட்டிருக்கு. நாற்காலி காலியானதும் திரும்ப வந்து உட்காரும். மூச்சு மறுபடி இறங்கும். அந்த நேரம் பக்கத்துல ஆள் இருந்தா இன்னொரு தடவை மருந்து குடுத்துக் காப்பாத்தலாம்."

"பூட்டி வச்சிருந்தா?"

இப்போது ஊசி நின்றது. "பூட்டி வச்சா யாருங்க பார்ப்பா?"

பீரோ இரண்டு கைகளாலும் தன் முகத்தில் அறைந்துகொண்டான். தையல் பிரிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தொண்டையிலிருந்து மாடு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. நர்ஸ் அவன் கையைப் பிடிக்க முயன்று முடியாமல் திணறினாள்.

திரை விலகியது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு வெல்டர் நின்றான். அவன் அத்தனையும் கேட்டிருந்தான்.

"பூட்டச் சொன்னது யாருடா?" என்றான். சத்தம் போடவில்லை.

பீரோ சொன்னான்.

பிற்பகல், இல்லத்தின் கூடத்தில் முதலாளி ஒரு தாளையும் பேனாவையும் மேசையில் தள்ளினார். மாலையில் போலீஸ் விசாரணைக்கு வருவதாக இருந்தது.

"வக்கீல் எழுதிக் குடுத்துட்டார். நானே முடிவு பண்ணிப் பூட்டினேன்னு கையெழுத்துப் போடு. கவனக்குறைவுன்னு கேஸ் வரும். கொஞ்ச நாள்ல வெளிய எடுத்துடறேன். உன் பொண்டாட்டி வயித்துல பிள்ளையோட இருக்கா, நான் பார்த்துக்க மாட்டேனா?"

"நான்தான் சார் பூட்டினேன். அதை எங்க வேணா சொல்றேன். ஆனா நீங்க சொல்லித்தான் பூட்டினேன். அதையும் சொல்லுவேன்."

"நான் சொன்னதை யார் காதால கேட்டா?" முதலாளி சிரித்தார். "சட்டம் தெரியுமாடா உனக்கு? வேலைக்காரன் ஒருத்தன் விதியை மீறிச் செஞ்சா அது அவன் தப்பு. நிறுவனத்துக்குப் பொறுப்பே கிடையாது."

"ஒருத்தன் செஞ்சாதானே சார்?"

கேட்டவள் சமையல்கார அக்கா. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள். "பீரோ லீவுல போனப்போ நானும் அந்தக் கதவைப் பூட்டியிருக்கேன். உள்ள கதறினவன் சத்தம் கேக்கக் கூடாதுன்னு மிக்ஸியை ஓட விட்டேன். நீங்கதான் சொன்னீங்க. போலீஸ்ல நான் அதைச் சொல்லுவேன்."

"சொன்னா நீயும் உள்ள போவே."

"போறேன். அங்கயும் சமைக்க ஆள் வேணும்ல?"

வாசலில் நின்ற வாட்ச்மேன் தொண்டையைச் செருமினார். பல வருடமாக முதலாளியிடம் "சரிங்க" தவிர வேறு வார்த்தை பேசாதவர். "நானும் பூட்டியிருக்கேங்க. எல்லாருமே பூட்டியிருக்கோம். எல்லாரும் எப்பவும் செஞ்சா அதுக்குப் பேர் தப்பு இல்லைங்களே, உத்தரவு."

முதலாளியின் கை அக்காவின் கன்னத்தில் விழுந்தது. அவள் மேசையில் மோதி விழுந்தாள். பீரோ ஓர் அடி முன்னால் வைத்தான். அதே நேரம் வார்டிலிருந்து அலறல் வந்தது.

"வாத்தியார் விழுந்துட்டார்! வாத்தியார் விழுந்துட்டார்!"

ஒரு காலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த நோயாளி படுக்கைக்குக் கீழே கிடந்தார். நேற்றைய பொட்டலத்தின் மிச்சம் அவர் கையில் சிக்கியிருக்கிறது. அதே நீல உதடு, அதே இழுப்பு. பீரோ மூக்கில் மருந்தைப் பீய்ச்சினான், ஊதினான். அக்கா தரையிலிருந்து எழுந்து வந்து ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். வாத்தியார் கண்ணைத் திறந்ததும் இரும்புத் தட்டை எடுத்துப் பீரோவின் புதுத் தையல் மேலேயே அடித்தார். கடித்தார், உதைத்தார், உறுமினார்.

"கட்டுடா! தனியறையில போட்டுப் பூட்டு! ஆம்புலன்ஸ் வந்தா கேட்டைத் திறக்காத!" முதலாளி பீரோவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்து கையோடு போனது. பீரோ அசையவில்லை. வாத்தியாரைப் பின்னாலிருந்து மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "அடிங்க சார். எவ்வளவு வேணா அடிங்க. மருந்து வேலை செய்யுது."

"வாட்ச்மேன்! இவனை இழுத்து வெளிய போடு!" முதலாளி கூடத்துக்கு வந்து கத்தினார்.

வாட்ச்மேன் வந்தார். தடியைச் சுவரோரம் சாய்த்தார். வார்டு வாசலில் குறுக்கே, முதலாளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். விசாரணைக்கு வந்திருந்த வெல்டர் அவர்களைத் தாண்டி உள்ளே போய், நல்ல கையால் வாத்தியாரின் கால்களைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கால்கள் அவன் மாவுக்கட்டின் மேலேயே உதைத்தன. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான், விடவில்லை.

முதலாளி கத்தினார். வேலை போச்சு என்றார், ஜெயில் என்றார், ஆள் வைத்து அடிப்பேன் என்றார். அக்காவின் முதுகில் எட்டி உதைத்தார். அவள் வாசலைவிட்டு நகரவில்லை.

வாத்தியார் மெல்ல ஓய்ந்தார். தலை சாய்ந்தது. பார்ப்பவர்களுக்குத் தூக்கம் போலத்தான் இருந்தது. பீரோ அவர் மார்பில் உள்ளங்கையை வைத்தான். ஒரு மூச்சு. அடுத்தது வரத் தாமதித்தது. அதற்கடுத்தது வரவே இல்லை.

"அண்ணே, இறங்குது!"

வெல்டர் பக்கத்தில் கிடந்த அடுத்த மருந்தை எடுத்து நீட்டினான். பீரோ பீய்ச்சினான். பிறகு வாத்தியாரின் விலா விரிந்தது. இருமினார். ஒரு கெட்ட வார்த்தையால் பீரோவின் அப்பனைத் திட்டினார்.

வெல்டர் அழுதான். "என் தம்பிக்கும் இதேதானே வேணும்?" அவன் நெற்றி பீரோவின் தோளில் வந்து மோதியது. அங்கே காலையில் விழுந்த குழாயடி இன்னும் வீங்கியிருந்தது.

ஆம்புலன்சும் போலீஸ் வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வாட்ச்மேன் எழுந்து போய்க் கேட்டைத் திறந்தார். வாத்தியாரை ஏற்றியபின் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். முதலாளி அவர் காதில் ஏதோ பேசினார். பீரோவின் மேல் வழக்கு வரும் என்பது மாறவில்லை. யாருடைய வேலையும் மிஞ்சும் என்று சொல்வதற்கில்லை.

"பூட்டினவன் யாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்" என்றான் பீரோ. "நானும்" என்றாள் அக்கா. "நானும்தாங்க" என்றார் வாட்ச்மேன். வெல்டர் மாவுக்கட்டுக் கையை முதலாளியின் பக்கம் நீட்டினான். "பூட்டச் சொன்னவர் இவர். என் புகார் இவர் மேல."

இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு எல்லோரையும் பார்த்தார். "சரி, பூட்டாம வேற என்ன செய்யணுங்கறீங்க?"

பீரோ கண்ணில் வடிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"மருந்து குடுத்த ஆளைப் பூட்டக் கூடாது சார். உடனே ஆம்புலன்சைக் கூப்பிடணும். வர்ற வரைக்கும் ஒருத்தர் பக்கத்துலயே உட்கார்ந்து மூச்சைப் பார்க்கணும். இறங்கினா மறுபடி மருந்து குடுக்கணும். மத்தவங்களைக் கவனிக்க இன்னொருத்தர் வேணும். ஷிப்டுக்கு ரெண்டு பேர். அவ்வளவுதான்."