வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம்

ரத்தம் எடுத்து ஐந்து மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

சிவப்பு மூடி போட்ட சின்னக் குழாய். ஈரக் கைக்குட்டையில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் என் பைக்குள் வைத்திருந்தேன். குற்றாலம் பேரருவிக்கு எதிரே, பெண்கள் வரிசைக்காகப் போட்டிருக்கும் கம்பித் தடுப்பின் ஓரம் உட்கார்ந்திருந்தேன். பங்குனி மாதம். பாறையில் ஒரு கோடு போலத் தண்ணீர் இறங்கியது. குரங்குகளைத் தவிர யாரும் இல்லை.

ரத்தம் இலஞ்சியில் எங்கள் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் அத்தையுடையது. திங்கட்கிழமை அவளுக்குக் கண் ஆபரேஷன். அதற்கு முன் சர்க்கரை எவ்வளவு என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

"ஏட்டி சத்யா, லேப்புக்குத்தானே போற? என் ரத்தத்தையும் கையோட கொண்டு போயிரு" என்று விடிந்ததும் வந்து கையை நீட்டிவிட்டாள். "இன்னும் பச்சத் தண்ணி குடிக்கல. சீக்கிரம் குத்து."

"இவ இருக்கையில நீங்க எதுக்கு மதினி தென்காசிக்கு அலையணும்" என்றாள் அம்மா.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

நான் வேலை பார்த்த லேப்பை வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கியது. இனி ரத்தத்தைத் திருநெல்வேலிக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்வோம் என்று எங்கள் மூன்று பேரை நிறுத்திவிட்டார்கள். அது நடந்து பதினேழு நாள் ஆகிறது. வீட்டில் சொல்லவில்லை. அப்பா நெல் அறுக்கும் மெஷின் ஓட்டியவர். இடுப்பெலும்பு முறிந்து மூன்று வருடமாகக் கட்டிலில் இருக்கிறார். தம்பி புவனேஷ் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். என் சம்பளத்தைத் தவிர அந்த வீட்டுக்குள் வேறு வரவு கிடையாது. எனவே தினமும் அதே பஸ்ஸில் ஏறினேன். கழுத்தில் அதே அடையாள அட்டை.

சர்க்கரை பார்க்க சாம்பல் மூடிக் குழாயில் ரத்தம் பிடிக்க வேண்டும். அதில் இருக்கும் மருந்து ரத்தத்தை அடக்கி வைக்கும். என் பையில் மிச்சம் கிடந்தது ஒரேயொரு சிவப்பு மூடிக் குழாய். அதில் மருந்து இல்லை. உடம்பை விட்டு வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும். இருக்கிற சர்க்கரையைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். மணிக்கு நூறில் ஐந்து, ஆறு பங்கு குறையும்.

ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டால் பரவாயில்லை என்றுதான் எடுத்தேன். தென்காசியில் வேறு லேப் இல்லாமலா போயிற்று. ஏழு மணிக்கு முதல் லேப்பின் படியில் ஏறிவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கிருபா உட்கார்ந்திருந்தாள். என்னோடு நிறுத்தப்பட்டவள். அவளுக்கு அங்கே கிடைத்த வேலைக்கு நானும் கேட்டிருந்தேன். அவள் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது எங்கள் தெருவில். நான் உள்ளே போனால் முதலில் "இப்ப எங்கட்டி இருக்க?" என்பாள். படி இறங்கிவிட்டேன்.

அடுத்த லேப்புக்குப் போகிற வழியில்தான் எங்கள் பழைய லேப். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மெஷின் இருந்த இடத்தில் மேசை மட்டும் வெள்ளையாக, சதுரமாக இருந்தது. ஆணியில் மூன்று வெள்ளைக் கோட்டுகள். நடுவில் தொங்கியது என்னுடையது. தோள்பட்டை என் தோளைப் போலவே ஒரு பக்கம் சரிந்திருந்தது. யாரோ தலையில்லாமல் நிற்பது போல் இருந்தது. அதன் பிறகு எந்த லேப்புக்கும் கால் போகவில்லை. வந்து நின்ற குற்றாலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் போனில் அலாரம் அடித்தது. கண்ட்ரோல் ஓட்டும் நேரம். அளவு தெரிந்த திரவத்தை முதலில் கொடுத்து, மெஷின் உண்மை சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பதினேழு நாளாக அந்த அலாரத்தை நான் நீக்கவில்லை. அது அடித்ததும் கை தானாகக் கையுறையைத் தேடும்.

பதினொன்றரைக்கு சிப்ஸ் கடை விஜயசங்கர் அண்ணாச்சி வாளியோடு வந்தார். குழாயடிக்குப் போகிறவர் நின்றார்.

"தெனம் வருதியளே. ஆராய்ச்சியா?"

அன்று அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன். "ஆமா" என்றேன். "தண்ணி டெஸ்ட்."

"தண்ணியே இல்ல, எதை டெஸ்ட் எடுக்கிய?"

பாறையில் இறங்கும் கோட்டைப் பார்த்தேன்.

"சரி, சீசன் எப்ப ஆரம்பிக்கும்னாவது சொல்லுங்க. கடைக்குச் சரக்கு எடுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பையைத் தொட்டேன். குழாய் என் கைச்சூட்டுக்கு வந்திருந்தது. உள்ளே அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அதன் ஓசை கேட்டது. கேட்காது என்று தெரியும். கேட்டது.

ஒன்றரை மணிக்குத் தென்காசியில், என்னை யாருக்கும் தெரியாத ஒரு சின்ன லேப்பில் குழாயைக் கொடுத்தேன்.

"எப்ப எடுத்தது?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"இப்பதான்."

அவர் குழாயையும் பார்த்தார், என் அட்டையையும் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

காகிதத்தில் நூற்று முப்பத்தெட்டு என்று வந்தது. டாக்டர் சொன்ன எல்லைக்குள்தான். காலையில் அது இருநூறுக்கு மேல் இருந்திருக்கும். எவ்வளவு மேல் என்று என்னால் சொல்ல முடியாது. குறைகிற வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பஸ்ஸில் பெருக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தது.

ஐந்தரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எத்தனைட்டி?" என்றாள் அத்தை.

காகிதத்தில் மேலே வேறு லேப்பின் பெயர் இருந்தது. அதைப் படிக்க அத்தைக்குக் கண் தெரியாது. அம்மா காகிதத்தைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். அப்பா கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"நூத்தி முப்பத்தெட்டு" என்றேன்.

"பாத்தியளா அண்ணாச்சி" என்றாள் அத்தை அப்பாவிடம். "போன மாசம் எவ்வளவு கெடந்துச்சு. நானும் எத்தனை நாளைக்குத்தான் மாத்திரய முழுங்க? பத்து நாளா பாதிதான் போடுதேன். அதுக்கே கொறஞ்சிருக்கு."

"அப்ப மீதிப் பாதியையும் நிறுத்திப் பாரு" என்றார் அப்பா. "இட்லிக்குச் சீனி தொட்டுத் திங்கலாம்."

"கேலி பண்ணாதிய. நெசமாவே நிறுத்தத்தான் போறேன். ரிப்போர்ட்டே சொல்லுது."

"டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க மதினி" என்றாள் அம்மா.

"அவரு என்னத்தச் சொல்லுவாரு. இதைக் காட்டுனா திங்கக்கெழமை கண்ணக் கீறிருவாரு. அவ்வளவுதான்." அத்தை என் பக்கம் கையை நீட்டினாள். காகிதத்துக்காக. காலையில் நான் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நீலமாகக் கன்றியிருந்தது.

நான் காகிதத்தைக் கொடுக்கவில்லை.

"குடுட்டி."

"அத்தை, மாத்திரய நிறுத்தாதிய. இந்த நம்பர் தப்பு."

"தப்புன்னா?"

"நாளைக்கு வேற லேப்புல குடுங்க. மறுபடியும் எடுக்கணும்."

அத்தை கையை மடக்கிக்கொண்டாள். "எத்தனை மட்டம்ட்டி குத்துவிய? ஒங்க லேப்புலயே எடுத்தது எப்படித் தப்பாவும்?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "காலம்பற ஆறு மணிக்கு எடுத்துட்டுப் போனியே. போனதும் குடுத்துட்டேல்ல?"

"குடுக்கல."

"ஏன்?"

அப்பா தேடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு என் முகம் கலங்கலாகத்தான் தெரியும். அது எனக்கு உதவியாக இருந்தது.

"குடுக்க லேப்பு இல்லம்மா. என்னை வேலைய விட்டு நிறுத்திட்டாங்க."