நாற்பத்தாறு கார்டுகளும் ஓர் அம்புக்குறியும்

நாற்பத்தாறாவது கார்டையும் படித்து முடித்த சித்ரகலா, கட்டை அப்படியே மேசைமேல் வீசினாள். தலைவலி வந்ததுதான் மிச்சம். நாற்பத்தாறு பேர், நாற்பத்தாறு புத்தகங்கள், ஒரே கருத்து: "நன்றாக உள்ளது. எந்தக் குறையும் இல்லை."

துப்பறியும் நாவல் நன்றாக உள்ளது. வெள்ளாடு வளர்ப்பு நன்றாக உள்ளது. நடுக்கடலில் கப்பல் கவிழ்ந்து அத்தனை பேரும் செத்துப்போகிற கதை ஒன்று இருக்கிறது, அதிலும் எந்தக் குறையும் இல்லை. கவிதைத் தொகுப்பு ஒன்றைப் படித்த மகராசி, "குடிநீர் வசதி, கழிப்பறை வசதி நன்றாக உள்ளது. மேலாளர் மரியாதையாகப் பேசுகிறார்" என்று எழுதி, கீழே டோக்கன் நம்பர் வேறு போட்டிருந்தாள். கவிதையில் கழிப்பறை எங்கே வந்தது என்று யாரைப் போய்க் கேட்பது?

யாரையும் கேட்க வேண்டியதில்லை. பல்லடம் ரோட்டில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனிக்கு அவள்தான் வெல்ஃபேர் ஆபீசர். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வரும்போதெல்லாம், அதற்கு முந்தின நாள் லைன் லைனாகப் போய், "என்ன கேட்டாலும் நல்லா இருக்குது, குறை இல்லீங்கன்னு சொல்லோணும், தெரியுதுங்களா?" என்று பாடம் எடுத்தவள் அவளேதான். ஆறு வருடமாக எடுத்த பாடம். இப்போது கருத்து கேட்டால் ஜனங்கள் வேறு எதைச் சொல்வார்கள்? தன் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

கம்பெனி ஆட்கள் படிக்கவென்று ஒரு புத்தக அறையை அவள் ஒற்றை ஆளாக நின்று உண்டாக்கியிருந்தாள். டைம் ஆபீசுக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகள் கிடந்த அறை அது. பொங்கலூரில் உறவுக்காரர்களின் அலமாரியைக் காலி செய்தாள், கல்யாண வீடுகளில் வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கினாள், பழைய புத்தகக் கடையில் பேரம் பேசினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் சேர்ந்தன. அவற்றைத்தான் மேனேஜர் சிவராஜ் கார்ட்டன் பெட்டி அடுக்குவதற்காகக் காலி செய்யச் சொல்கிறார். திங்கட்கிழமை காலையில் வந்து நின்றுகொண்டே சொன்னார்.

"ஏனுங்க சித்ரகலா, வெள்ளிக்கெழம ஆடிட் வருது. வொர்க்கர்ஸ் படிக்கறாங்கன்னா என்ன படிச்சாங்க, என்ன நெனைக்கறாங்கன்னு எழுதி வாங்கிக் காட்டுங்க. இல்லீன்னா ஆடிட் முடிஞ்ச கையோட ரூமை எங்கிட்டக் குடுத்துருங்க. ஷிப்மெண்ட் பெட்டி மழையில நனையுதுங்க."

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வந்து பார்ப்பார். இன்று புதன். கையில் இருப்பது நாற்பத்தாறு கழிப்பறைச் சான்றிதழ்கள்.

இது போதாதென்று ஸ்டிக்கர் தொல்லை வேறு. செக்கிங் மேசைகளில் சின்னச் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள் ரோல் ரோலாக இருக்கும். பனியனில் ஓட்டையோ தையல் விட்டதோ கண்ணில் பட்டால், செக்கர் அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பை ஒட்டுவாள். தைத்தவரிடமே அந்தப் பனியன் சரிசெய்யத் திரும்பிப் போகும். அந்த அம்புகள் இந்த ஆறு மாதமாகப் புத்தகங்களுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. திரும்பி வருகிற புத்தகம் ஒவ்வொன்றிலும் ஏழு, எட்டு. சித்ரகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது" என்று கதவில் எழுதி ஒட்டினாள். மறுநாள் அந்த அறிவிப்பின் மேலேயே ஓர் அம்பு இருந்தது.

ஆடிட் வரப்போகிறதென்று, இரண்டு வாரமாகத் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் அவற்றை உரிப்பதே அவள் வேலையாகிவிட்டது. நகத்தை ஓரத்தில் கொடுத்து, எழுத்து கிழியாமல் மெல்லத் தூக்க வேண்டும். உரித்ததை எல்லாம் உருட்டி உருட்டி டிராயரில் போட்டதில் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டை சேர்ந்திருந்தது. நேற்றுத்தான் கடைசிப் புத்தகத்தையும் சுத்தம் செய்து முடித்தாள். ஆடிட்டர் பார்த்தால் அசிங்கமாக இருக்கக் கூடாதே.

கார்டுக் கோபமும் ஸ்டிக்கர் கோபமும் ஒன்றாகச் சேர, அவள் எழுந்து நேரே செக்கிங் பகுதிக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரம். மேசைக்கடியில் கால் நீட்டி உட்கார்ந்து மூக்கம்மாள் ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒன்பது வருடங்களுக்கு முன் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தவள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பனியன்கூட வெளியே போனதில்லை என்று பெயர். சித்ரகலாவின் கண் முன்னாலேயே அவள் ரோலிலிருந்து ஓர் அம்பைக் கிழித்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டினாள்.

"ஏனுங்க மூக்கம்மாக்கா! கதவுலயே எழுதி வெச்சிருக்கறேன், ஒட்டாதீங்கன்னு. உங்குளுக்கெல்லாம் புத்தகம்னா பனியன் துணியாட்டத் தெரியுதுங்களா?"

மூக்கம்மாள் அசரவில்லை. "ஒட்டாம எப்படி மேடம் தெரியும்?"

"என்ன தெரியும்?"

"எங்கன குறைன்னு."

மூக்கம்மாள் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

"அந்தக் கொலைக் கதை இருக்குல்ல, நீலக் கலர் அட்டை. பன்னெண்டாம் பக்கத்துல அந்த ஆளு காப்பியே தொடமாட்டான்னு எழுதியிருக்கு. அறுபத்தொண்ணுல காப்பில விசத்தக் கலந்து குடுத்தாளாம், குடிச்சுச் செத்தானாம். எப்படிக் குடிப்பான்? ஒட்டுனேன். அப்புறம் அந்த முன்னேறுற புத்தகம். காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ஒரு மணி நேரம் சும்மா ஒக்காருங்கங்குறான். நாலு மணிக்குத்தான் எங்க காம்பவுண்டுல தண்ணி வரும். அவன் வீட்டுல யாரு புடிச்சு வைக்கிறா? அதச் செல்லத்தாயி ஒட்டுனா. பக்கத்துலயே நானும் ஒண்ணு ஒட்டுனேன்."

"ஏன், அவங்க ஒட்டுனது பத்தாதுங்களா?"

"ஒருத்தி ஒட்டுனா அவ நெனப்பு. ரெண்டு பேரு ஒட்டுனா நெசமாவே குறை. ஒட்டுனத வச்சுத்தானே அடுத்தவ படிக்கிறா. அந்தக் கவிதைப் புத்தகத்துல ஒரே வரியில பதினோரு அம்பு இருக்கும் பாருங்க. அது குறை இல்ல மேடம். அதுக்கு அம்ப நாங்க தலைகீழா ஒட்டுவோம். அழுதுட்டோம்னு அர்த்தம்."

சித்ரகலாவுக்கு அந்த வரி நினைவுக்கு வந்தது. வரி அல்ல, அந்த இடத்தை உரிக்கப் பட்ட பாடு. பதினொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி இருந்தன, நகம் வலித்தது. என்ன வரி என்று அவள் படிக்கவே இல்லை.

"கார்டுல ஏனுங்கக்கா இதை எழுதல?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"கார்டு ஆபீசுக்குக் குடுக்குறதுல்ல. ஆபீசுக்கு எப்படி எழுதணும்னு நீங்கதான மேடம் சொல்லிக் குடுத்தீங்க."

"அதெல்லாம் நான் உரிச்சுப்போட்டனுங்க. எல்லாத்தையும்."

மூக்கம்மாள் கையிலிருந்த நாவலை மூடி மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"ஆறு மாசத்து வேலை மேடம் அது," என்றாள். பெல் அடித்தது. அவமானத்தில் சித்ரகலாவுக்குக் காது மடல் சுட்டது. அடுத்த நாள் கெஞ்சிக் கூத்தாடித்தான் அந்த நாவலை மூக்கம்மாளிடமிருந்து வாங்க முடிந்தது. கம்பெனியிலேயே அம்புகளோடு மிச்சமிருந்த ஒரே புத்தகம் அது.

வியாழக்கிழமை சாயங்காலம் சிவராஜ் வந்தார். கார்டுகளை எடுத்தார், ஐந்தாறைப் புரட்டினார், மேசையில் வைத்தார்.

"யாரும் படிக்கலீங்க," என்றார். "படிச்ச ஆளு இப்படி எழுத மாட்டான். இதுக்காகவா ஒரு ரூமை அடைச்சு வெச்சிருக்கறது? திங்கக்கெழம பெட்டியை அனுப்பறனுங்க."

சித்ரகலா நாவலை நீட்டினாள். அவர் அலுப்போடுதான் வாங்கினார். ஆனால் சிவராஜும் காதர்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் செக்கராக இருந்து மேலே வந்தவர். அம்பைப் பார்த்துவிட்டால் அது காட்டுகிற இடத்தைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. நின்றபடியே படித்தார். அடுத்த அம்புக்குத் தள்ளினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மாமியார் வீட்டில் பன்னிரண்டு வருடம் பேச்சு வாங்கிய ஒருத்தி, ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப்போய், தனியாகப் பிழைத்துக் காட்டுகிற கதை. கடைசிப் பக்கத்தில் மூக்கம்மாளின் அம்பு இருந்தது. "அவள் பழைய வீட்டுக்கே திரும்பினாள்" என்ற வரியின்மேல்.

"இது டிஃபெக்ட்டே இல்லியே," என்றார் சிவராஜ். "ஊட்டுக்குத்தானுங்க போறா? யாரு ஒட்டுனது, கூப்புடுங்க."

மூக்கம்மாள் வந்தாள். முந்தைய நாள் கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

"இங்க பாருங்க மூக்கம்மா. 'அவன் கதவைத் திறந்தான். ஒன்றும் கேட்கவில்லை.' எவ்வளவு பெரிய மனசு! புருசங்காரன் ஒரு வார்த்தை கேக்காம உள்ள உட்டுட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?" என்று சொல்லிக்கொண்டே, செக்கர் தப்பாக ஒட்டியதை மேலதிகாரி எடுக்கிற தோரணையில் அம்பை உரித்தார். "பாஸ்."

மூக்கம்மாள் தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அதே இடத்தில் ஒட்டினாள். "ஃபெயில் சார்."

"அட, என்னங்க இது!"

"கேக்காம இருக்குறது பெரிய மனசு இல்ல சார். எங்கிட்டு இருந்தே, என்னத்தத் தின்னேன்னு கேக்கணும்ல? எவ கதவத் தட்டுறான்னு தெரியணும்ல அவனுக்கு? இவ அந்த வீட்டுக்குப் போனது தப்பு. எழுதுனவுககிட்டத் திருப்பி அனுப்பணும், சரிபண்ணிக் குடுங்கன்னு."

சிவராஜ் நாவலை மூடிவிட்டு நிமிர்ந்தார். "சரி, மத்த புத்தகத்தையும் எடுங்க. அதுல என்ன ஒட்டியிருக்கறீங்கன்னு பாத்தர்றேன்," என்றார் சித்ரகலாவிடம்.

அவள் டிராயரைத் திறந்து அந்தச் சிவப்பு உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "எல்லாம் இதுலதானுங்க இருக்குது, சார்," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிவராஜ் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கம்மாள்தான் முதலில் பெருமூச்சு விட்டாள்.

"ஒரே வேலைய ரெண்டு தரம் செய்ய வைக்கிறதே இந்த ஆபீசுக்குப் பொழப்பு," என்றாள். "ரூமைத் தெறந்து வச்சாத்தான மறுபடியும் படிக்க முடியும்?"

"ஒரு புத்தகத்தை வெச்சு நான் என்னத்தைங்க முடிவு பண்றது?" என்றார் சிவராஜ் எரிச்சலாக. எழுந்தவர் நாவலை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "முழுசாப் படிக்காம நான் பாஸும் போட மாட்டேன், ஃபெயிலும் போட மாட்டேன்."

வெள்ளிக்கிழமை ஆடிட் வந்தது. முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், தீயணைப்பானின் தேதியைப் பார்த்தார்கள். புத்தக அறை வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்தார்கள். கார்டுகளைக் கேட்கவே இல்லை. இதற்காகவா இத்தனை பாடு என்று சித்ரகலாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் வந்தபோது அறைக் கதவுக்கு முன்னால் கார்ட்டன் பெட்டிகளோடு தள்ளுவண்டி நின்றது. லோடிங் ஆள் ராமர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"மாடிப்படிக்குக் கீழ அடுக்கச் சொல்லிட்டாருங்க மேனேஜரு. இதை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாருங்க," என்று நாவலைக் கொடுத்தான்.

அவள் நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். மூக்கம்மாளின் அம்பு அங்கேயேதான் இருந்தது. இரண்டு வரி கீழே புதிதாக ஒன்று, ஆபீஸ் ஆள் ஒட்டியதுபோல் கோணலாக. "ஒன்றும் கேட்கவில்லை" என்ற இடத்தை அது காட்டியது.

பழக்க தோஷத்தில் அவள் நகம் அதன் ஓரத்துக்குப் போய்விட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு கைப்பையைக்கூட வைக்காமல், புத்தகத்தை விரித்தபடியே செக்கிங் மேசைக்கு நடந்தாள்.

மூக்கம்மாள் குனிந்து பார்த்தாள். அம்பின் ஓரம் சரியாக ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அதை அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

"இதக் கண்டுபுடிக்க மூணு நாளு ஆயிருக்கு பாருங்க இவருக்கு," என்றாள்.