தாய்: மேற்படி

குதிரை வளர்ப்போர் சங்கத் தலைவருக்கு ஒரு விஷயத்தில் சந்தேகம் வந்ததே இல்லை. தங்கள் இனத்துக் குதிரைகள் அத்தனையும் ஒரே தாயின் வழிவந்தவை. எந்தத் தாய், எந்தக் காலம் என்று யாராவது கேட்டால், அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைப்பார். கேட்டவர் தன் அறியாமைக்காக வெட்கப்பட்டுப் போய்விடுவார்.

அந்தத் தாயை அறிவியலைக் கொண்டே நிரூபித்துவிட அவர் கிளம்பியதற்குக் காரணம், மனைவியின் அண்ணன். குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் அந்த மனிதரிடம் இருந்தது ஒரே ஒரு பெட்டைக் குதிரை. பெயர் சாம்பல். அது பாரவண்டி இழுத்த வம்சம் என்று சங்கத்தில் பேச்சு. இப்போது சினையாக வேறு இருந்தது. ஒரே தாயின் வழியில் அது இல்லை என்று காட்டி, பொதுக்குழுவில் சாம்பலின் பெயரை அடித்துவிட்டால் சங்கத்து லாயத்தில் அதற்கு இடமில்லை. குட்டியோடு சேர்த்து யார் தலையிலாவது கட்டிவிட வேண்டியதுதான்.

பரிசோதனைக்கு வெளியே அலையத் தேவையிருக்கவில்லை. தலைவரின் மருமகள் விலங்கு மரபணு ஆய்வகத்தில் வேலை பார்த்தாள்.

"ரத்தம் எடும்மா. ரத்தம் பேசும்," என்றார் தலைவர்.

"ரத்தம் வேண்டாம் மாமா. பிடரி முடி போதும். ஆனா வேரோட பிடுங்கணும்."

"கத்தரிச்சுக் குடுத்தா ஆகாதா?"

"ஆகாது. விஷயமே வேர்லதான் இருக்கு."

"அதைத்தானேம்மா நான் முப்பது வருஷமாச் சொல்றேன்!" என்று முடியின் வேரையும் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டார்.

இருபத்துநான்கு குதிரைகளின் முடியை அவளே பிடுங்கி, உறையிலிட்டு, எண் எழுதி எடுத்துப்போனாள். ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பாட்டு மேசையில் முடிவைப் பரப்பினாள். மச்சான் தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு மாமா. அதுக்குன்னு தனியாக் கொஞ்சம் டி.என்.ஏ. அது அம்மாகிட்டேருந்துதான் வரும். ஆண் குதிரைக்கும் அதோட அம்மா குடுத்தது இருக்கும். ஆனா அது தன் குட்டிக்குக் குடுக்காது."

"நம்ம சக்கரவர்த்தி?"

"சக்கரவர்த்தியும் குடுக்காது."

தலைவரின் முகம் சுண்டியது. நான்கு கோப்பைகள் வாங்கிய பொலிகுதிரையாலும் ஒரு விஷயம் ஆகாது என்பது அவருக்குப் புதுச் செய்தி.

"சரி விடு. ஒரே தாய்தானே?"

"அஞ்சு."

"என்ன அஞ்சு?"

"அஞ்சு தாய்வழி. சாம்பல் வழியில இன்னும் ஆறு குதிரை இருக்கு. சக்கரவர்த்தி அதுல ஒண்ணு."

மச்சானுக்குக் குடிக்காத தேநீரே புரையேறியது. "அடடே! அப்போ நாம மாமன் மச்சான் மட்டுமில்ல மாப்ளே, குதிரை வழியிலயும் சொந்தம்!"

"முடி மாறிப்போயிருக்கும். மறுபடி எடு."

"எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துதான் ரெண்டாந்தடவை எடுத்தேன் மாமா. இனிமே எடுத்தா வழுக்கை விழுந்துடும்." பிறகு நிதானமாகச் சொன்னாள். "ரெண்டுக்கும் எப்பவோ ஒரே பாட்டி. எத்தனை தலைமுறைக்கு முன்னாடின்னு இது சொல்லாது. அந்தப் பாட்டி வண்டி இழுத்தாளா, பல்லக்குக்கு முன்னாடி நடந்தாளான்னும் சொல்லாது."

தலைவர் உள்ளே போய்ப் பதிவேட்டைத் தூக்கிவந்தார். "இது பொய் சொல்லுமா?"

தந்தை என்ற பத்தியில் பட்டங்களோடு நீளநீளமான பெயர்கள். தாய் என்ற பத்தியில் பக்கம் பக்கமாக ஒரே சொல்.

"படி! மேற்படி. மேற்படி. மேற்படி. ஒரே தாய்!"

மருமகள் பின்னோக்கிப் புரட்டி முதல் பக்கத்துக்குப் போனாள். முதல் வரியில், தாய் என்ற இடத்தில், 'தெரியாது' என்று இருந்தது.

"அப்போ எல்லாக் குதிரைக்கும் தாய் தெரியாதுன்னுதானே மாமா அர்த்தம்?"

"எவன் எழுதினான் இதை?"

"எவனும் இல்ல, நான்தான்," என்றார் தலைவரின் மனைவி, தட்டுகளை அடுக்கியபடியே. "கல்யாணமான வருஷம். நீங்க சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் குதிரைக்கு அம்மா பேரு கேட்டேன், தெரியாதுன்னீங்க. ரெண்டாவதுக்குக் கேட்டேன். 'அதெல்லாம் யாருக்குடி வேணும், மேற்படி போடு'ன்னீங்க. மூணாவதுக்கு நான் கேக்கல."

 முப்பது ஆண்டு மேடைப் பெருமைக்கு மட்டும் தாய் யாரென்று தெரிந்துவிட்டது.

"சாம்பலை அனுப்பினா, அந்தத் தாய்வழிக் குதிரை அத்தனையும் போகணும் மாமா, சக்கரவர்த்தியும் சேர்த்து," என்றாள் மருமகள் மெதுவாக. "அஞ்சு வழி இருக்கறது குறையும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான்னு வந்திருந்தாத்தான், ரத்தம் ரொம்ப நெருங்கிப்போச்சேன்னு நான் கவலைப்பட்டிருப்பேன்."

தலைவர் பொதுக்குழு அழைப்பை எடுத்தார். மூன்றாவது பொருள்: சாம்பலின் பெயர் நீக்கம். பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு அந்த வரியைக் குறுக்காக அடித்தார்.

"போனாப் போகுதுன்னு விடறேன்," என்றார்.

மச்சான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

"எங்க ஓடறீங்க மச்சான்?"

"சாம்பல்கிட்டச் சொல்லணும்."

"சொன்னா அதுக்கென்ன புரியும்?"

"உங்களுக்கே புரிஞ்சிடுச்சே மாப்ளே!"